ஆயிரம் கிலோ கிளிங்கரின் கணக்கு

சிமெண்ட் ஆலையை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நம்ப மறுக்கும் செய்தி ஒன்று உண்டு. ஆலையின் முதன்மைப் பொருளான கிளிங்கரைப் பெரும்பாலான ஆலைகளில் உற்பத்தியாகும்போது எடை போடுவதில்லை. சுடும் உலையான கில்னின் வாயிலிருந்து செந்தணலாக உருண்டு விழும் கட்டிகள் கூலரில் காற்றுப் பட்டு ஆறி, கன்வேயரில் ஏறி, கிடங்குக்குப் போய்க் குவிந்துவிடும். காலை அறிக்கையில் ‘நேற்றைய கிளிங்கர் 3,000 டன்’ என்று வரும் எண் தராசு சொன்னதல்ல. கல்லை அரைத்துக் கில்னுக்குள் ஊட்டிய மாவின் எடையை ஓர் எண்ணால் வகுத்து எடுத்தது. வகுக்கும் அந்த எண்ணைக் கொடுக்க வேண்டியது லேப். என் உத்தியோகக் காலம் முழுவதும் அந்த லேபில்தான் போனது.

எண்பதுகளின் பிற்பகுதியில் அரியலூர்ப் பக்கத்து ஆலை ஒன்றில் ஷிப்ட் கெமிஸ்டாகச் சேர்ந்தேன். அரியலூர் அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்தது. கல்லங்குறிச்சிச் சுரங்கத்துச் சுண்ணாம்புக்கல்லை உடைத்தால் உள்ளே சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடல் இருந்தபோது வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் அவை. வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்தில் இப்போது அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். நாங்கள் அவற்றைக் கிரஷரில் போட்டோம். 1939இல் கல்லக்குடியில் ஆலை எழுந்த நாளிலிருந்து அந்த வட்டாரத்தில் பல ஆலைகளுக்குச் சோறு போட்டது அந்தக் கடல்தான்.

கல்லூரியில் படித்த சமன்பாடு ஒரே வரிதான். கால்சியம் கார்பனேட்டைச் சூடாக்கினால் கால்சியம் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். மூலக்கூறு எடைகள் 100, 56, 44. ஆயிரம் கிலோ கல்லைச் சுட்டால் 560 கிலோ சுண்ணாம்பு, 440 கிலோ வாயு. தேர்வில் இதற்கு மதிப்பெண் உறுதி. இந்த வரி தூய கார்பனேட்டுக்கு மட்டுமே பொருந்தும் என்பதும், தூய கார்பனேட்டை நான் பார்க்கப்போவது லேப் அலமாரியின் கண்ணாடிப் புட்டியில் மட்டும்தான் என்பதும் வேலையில் சேர்ந்த பிறகு புரிந்தது. சுரங்கத்திலிருந்து லாரியில் வருவது கல். அதில் கார்பனேட் இருக்கும், களிமண் இருக்கும், மணல் இருக்கும், இரும்பு இருக்கும், ஐப்பசி கார்த்திகையில் தண்ணீரும் தாராளமாக இருக்கும்.

எங்கள் தலைமை வேதியியலாளர் புதிதாக வருகிறவர்களிடம் சமன்பாட்டைக் கேட்கவே மாட்டார். பதிவேட்டை விரித்து வைத்து, “உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, மீதி எங்கே போச்சு தம்பி? மூணுக்கும் பதில் இருந்தா கையெழுத்துப் போடு. இல்லேன்னா பேனாவை மூடி வை” என்பார். நான் கற்ற தொழில் அந்த மூன்றாவது கேள்விக்குள் இருக்கிறது.

மீதி எங்கே போனது என்பதற்கான முதல் சோதனை மிக எளியது. ஒரு கிராம் மாதிரியைப் பிளாட்டினம் மூசையில் எடுத்து, மஃபிள் அடுப்பில் 950 டிகிரிக்கு மேல் வைத்து, எடை மாறாத நிலை வரும்வரை சுட்டு, டெசிகேட்டரில் ஆறவைத்து, மறுபடி எடை பார்ப்பது. குறைந்த எடைக்கு எல்.ஓ.ஐ. என்று பெயர். தூய கார்பனேட்டுக்கு அது 44 சதவீதம். எங்கள் ரா மீலுக்கு, அதாவது கல்லோடு களிமண்ணும் இரும்புத்தாதுவும் சேர்த்து அரைத்த மாவுக்கு, 36 சதவீத அளவில் நிற்கும். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் எடை குறைவது அதற்குள் கட்டுண்டிருந்த ஒரு காற்று வெளியேறுவதால்தான் என்று தராசை வைத்தே காட்டியவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜோசப் பிளாக். 1756இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் செய்த வேலையும் இதுதான்: சுடுவதற்கு முன் எடை, சுட்ட பின் எடை, வித்தியாசத்துக்கு விளக்கம். ‘நிலைத்த காற்று’ என்று அவர் பெயரிட்ட வாயுவைத்தான் நாங்கள் நாள்தோறும் ஆயிரக்கணக்கான டன் புகைபோக்கி வழியே அனுப்பிக்கொண்டிருந்தோம். இரவு ஷிப்டில் மூசையை இடுக்கியால் எடுத்து வைக்கும்போது பலமுறை அவரை நினைத்திருக்கிறேன். இவ்வளவு எளிய கருவியால் இவ்வளவு பெரிய உண்மையை எட்டிய சோதனை வேதியியலில் அதிகம் இல்லை.

எல்.ஓ.ஐ. பார்க்க நேரமாகும். கில்னோ காத்திருக்காது. மணிக்கொரு முறை மாவின் தரம் தெரிய வேண்டும். அதற்காக நாங்கள் நம்பியிருந்தது டைட்ரேஷன். ஒரு கிராம் மாவில் 0.5 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 40 மில்லி சேர்த்துக் கொதிக்க வைப்போம். கார்பனேட் கரைந்து வாயு நுரைத்து வெளியேறும். செலவாகாமல் நின்ற அமிலத்தை 0.25 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு, ஃபினாப்தலின் இளஞ்சிவப்பு காட்டும்வரை சமன் செய்வோம். அதற்கு 16 மில்லி பிடித்தது என்று வையுங்கள். ஊற்றிய அமிலம் 20 மில்லி சமானம், மிஞ்சியது 4, செலவானது 16. கால்சியம் கார்பனேட்டின் சமான எடை 50. ஆக 16 மில்லி சமானத்துக்கு 0.80 கிராம். மாவில் 80 சதவீதம் கார்பனேட். பேப்பரும் பேனாவும் வேண்டாம். பியூரெட்டைப் பார்த்தபடியே பழையவர்கள் பதிலைச் சொல்லிவிடுவார்கள்.

இந்த 80ஐ 0.44ஆல் பெருக்கினால் 35.2 வருகிறது. அதுதான் மாவிலிருந்து வெளியேறப்போகும் கார்பன் டை ஆக்சைடு. எல்.ஓ.ஐ. 36 என்றால் மீதி 0.8 களிமண்ணுக்குள் பிணைந்திருந்த தண்ணீர். ஒரே மாவை இரண்டு வெவ்வேறு வழிகளில் அளந்து, இரண்டு விடைகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போது ஒரு நிறைவு வரும். அது வராத நாளில் மாதிரியை மறுபடி எடுக்கச் சொல்வேன்.

டைட்ரேஷனுக்குள் ஒரு பொறி உண்டு. அமிலத்துக்குக் கால்சியம், மக்னீசியம் என்ற பேதம் கிடையாது; கார்பனேட் எதுவானாலும் தின்றுவிடும். மக்னீசியம் கார்பனேட்டின் மூலக்கூறு எடை 84. அதில் 84 கிராம் இருந்தால், தின்ற அமிலத்தின் கணக்கில் 100 கிராம் கால்சியம் கார்பனேட் என்றே காட்டும். சாதாரண நாளில் எங்கள் மாவில் கால்சியம் கார்பனேட் 77, மக்னீசியம் கார்பனேட் 2.5 இருக்கும். பின்னது டைட்ரேஷனில் 3 என்று தெரியும். மொத்தம் 80. சுரங்கத்தில் மக்னீசியம் மிகுந்த படலம் ஒன்று குறுக்கிட்டால் கால்சியம் கார்பனேட் 75க்கு இறங்கி, மக்னீசியம் கார்பனேட் 4.2க்கு ஏறும். 4.2 என்பது 5 என்று தெரியும். மொத்தம் மறுபடியும் 80! பதிவேட்டில் கோடு போட்டதுபோல 80, 80, 80 என்று போய்க்கொண்டிருக்கும். கில்னிலோ சுண்ணாம்பு ஒரு சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கும். கண்ட்ரோல் ரூமிலிருந்து போன் வரும்: “சார், கில்னுக்குள்ள ரொம்ப இளகுது, கட்டி கட்டியா வருது. மாவு சரிதானா?” மாவு சரி என்று பதிவேடு சொல்லும். ஆனால் நெருப்பைப் பார்த்துப் பழகிய பர்னரின் கண்ணைத் தள்ளிவிடக்கூடாது. இ.டி.டி.ஏ. கொண்டு கால்சியத்தைத் தனியாக, இரண்டும் சேர்த்துத் தனியாக என இருமுறை அளந்தால்தான் நிலவரம் வெளிப்படும். அதற்கு நேரம் பிடிக்கும் என்று அலுத்துக்கொண்ட இளைஞர்களுக்கு நான் சொல்லிவந்தது: பர்னர் போன் செய்துவிட்டால் பியூரெட்டை நம்பாதே, இன்னொரு வழியில் அளந்து பார்.

பிறகு எக்ஸ்.ஆர்.எஃப். கருவி வந்தது. மாவை வில்லையாக அழுத்தி உள்ளே வைத்தால் சில நிமிடங்களில் எல்லா ஆக்சைடுகளும் திரையில் வந்துவிடும். கால்சியம் ஆக்சைடு 43, சிலிக்கா 12.5, அலுமினா 3, இரும்பு ஆக்சைடு 2.5, மக்னீசியா 1.2, காரங்களும் கந்தகமும் மற்றவையும் 1.8. கூட்டிப் பார்த்தால் 64. மீதி 36 எங்கே? கருவியின் கண்ணுக்கு அது தெரியாது. அது மாவில் இருக்கும் வாயுவும் தண்ணீரும். ஆகவே கருவி வந்த பிறகும் மஃபிள் அடுப்பை அணைக்கவில்லை. இன்றைக்கும் புதிய லேப்களில் அது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி கிளிங்கருக்குள் நடப்பது. சுண்ணாம்பு வெறுமனே உருகி ஒட்டுவதில்லை. 1,450 டிகிரியில் அது சிலிக்காவோடு, அலுமினாவோடு, இரும்போடு குறிப்பிட்ட விகிதத்தில் சேர்கிறது. சிமெண்டுக்கு வலு தரும் முதன்மைச் சேர்மத்தில் மூன்று சுண்ணாம்புக்கு ஒரு சிலிக்கா. எடையில் சொன்னால் மூன்று 56, அதாவது 168 பங்கு சுண்ணாம்புக்கு 60 பங்கு சிலிக்கா. 168ஐ 60ஆல் வகுத்தால் 2.8. உலகத்தின் எந்தச் சிமெண்ட் லேபுக்குப் போனாலும் இந்த 2.8 சுவரில் ஒட்டியிருக்கும். ஒரு கிலோ சிலிக்கா 2.8 கிலோ சுண்ணாம்பை இழுத்துக்கொள்ளும். அலுமினாவுக்கு 1.18, இரும்பு ஆக்சைடுக்கு 0.65. இருக்கும் அமில ஆக்சைடுகள் அனைத்தும் எவ்வளவு சுண்ணாம்பை ஏற்கும் என்று கூட்டி, உண்மையில் இருக்கும் சுண்ணாம்பை அதனால் வகுத்து நூறால் பெருக்கினால் எல்.எஸ்.எஃப். கிடைக்கும். நூறு என்றால் ஏற்கக்கூடிய அளவு முழுவதும் இருக்கிறது. நடைமுறையில் கிளிங்கரை 92 முதல் 98க்குள் வைத்துக்கொள்வோம்.

மேலே சொன்ன மாவுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் விடை 107. புதிதாக வந்தவர்கள் இந்த இடத்தில் பதறுவார்கள். ஏழு புள்ளி கூடுதல் சுண்ணாம்பா, இது சேராமல் நிற்குமே என்பார்கள். கில்னுக்குள் போகும் இன்னொரு மூலப்பொருளை அவர்கள் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். அது நிலக்கரி.

கரி எரிபொருள்தானே, அது எப்படி மூலப்பொருள்? கரியின் சாம்பல் எங்கும் போவதில்லை, கிளிங்கருக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. ஒரு டன் கிளிங்கருக்கு 160 கிலோ கரி, அதில் 25 சதவீதம் சாம்பல் என்றால் 40 கிலோ. நம் நாட்டுக் கரியின் சாம்பலில் ஏறத்தாழ 60 சதவீதம் சிலிக்கா. ஆக 24 கிலோ சிலிக்கா, கூடவே 11 கிலோ அளவுக்கு அலுமினா. 24 கிலோ சிலிக்கா மட்டும் 67 கிலோ சுண்ணாம்பைக் கேட்கும். அந்தச் சுண்ணாம்புக்கு 120 கிலோ தூய கார்பனேட் வேண்டும். அடுப்புக்குள் போகும் கரி சத்தமில்லாமல் இவ்வளவு கல்லைக் கேட்டு நிற்கிறது. அதை முன்கூட்டியே மாவில் வைத்துவிடுவதால்தான் மாவின் எல்.எஸ்.எஃப். 107. சாம்பல் வந்து சேர்ந்த பின் கிளிங்கரின் எல்.எஸ்.எஃப். 94. இரண்டும் சரி.

இந்தக் கணக்கு எவ்வளவு உயிரானது என்பது எரிபொருள் மாறும்போது தெரியும். தொண்ணூறுகளுக்குப் பிறகு ஆலைகள் இறக்குமதிக் கரிக்கும், பின்னர் பெட் கோக்குக்கும் மாறத் தொடங்கின. பெட் கோக்கில் சாம்பல் ஒரு சதவீதம்கூட இருக்காது. விலை, வெப்ப மதிப்பு, கந்தகம் எல்லாம் கூட்டங்களில் பேசப்படும். சாம்பல் குறைவு என்பதை எல்லோரும் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அதே 107 மாவை பெட் கோக் போட்டு எரித்தால், துணைக்கு வர வேண்டிய 24 கிலோ சிலிக்கா வராது. கிளிங்கரின் எல்.எஸ்.எஃப். 107ஆகவே நிற்கும். நூறு கிலோ கிளிங்கரில் நாலு கிலோவுக்கு மேல் சுண்ணாம்பு துணையில்லாமல் தனித்து நிற்கும். எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும் அது சேராது, ஏனென்றால் சேர்வதற்கு எதிரில் ஆளில்லை. பர்னர் நெருப்பைக் கூட்டிக்கொண்டே போவார், கில்னின் செங்கல் உருகும், ஃப்ரீ லைம் இறங்காது. எரிபொருள் மாறுகிறது என்ற செய்தி லேபுக்கு முந்தின நாளே வந்து சேர வேண்டும் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் வலியுறுத்தியதற்குக் காரணம் இதுதான். நல்ல நிர்வாகி என்று நான் மதித்தவர்கள் கொள்முதல் துறையையும் லேபையும் ஒரே மேசையில் உட்கார வைத்தவர்கள்.

ஃப்ரீ லைம் என்ற இந்தத் தனித்த சுண்ணாம்பை எத்திலீன் கிளைக்காலில் கரைத்தெடுத்து டைட்ரேட் செய்து அளப்போம். ஒன்று, ஒன்றரை சதவீதம் வரை ஏற்கலாம். அதற்கு மேல் ஏன் பயப்பட வேண்டும் என்பது வெற்றிலைச் சுண்ணாம்புக்காகக் கிளிஞ்சலைச் சுட்டுத் தண்ணீர் தெளிப்பவர்களுக்குத் தெரியும். நீர் பட்டதும் சுட்ட சுண்ணாம்பு சூடேறிப் பொங்கிப் பூக்கும். 56 கிலோ சுண்ணாம்பு 18 கிலோ நீரை வாங்கி 74 கிலோவாகும், அளவிலும் பெருக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பு உடனே பூத்துவிடுகிறது. கில்னின் உக்கிரத்தில் சுடப்பட்ட சுண்ணாம்போ இறுகிப்போயிருக்கும். சிமெண்டோடு கலந்து, சுவராகி, பூச்சும் முடிந்து, வெகுநாள் கழித்து மெதுவாக நீரை வாங்கி விரியும். மக்னீசியா இன்னும் தாமதமாக விரியும். அப்போது சுவர் வெடிக்கும். லே ஷாட்டிலியர் அச்சில் விரிவு 10 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று தர விதி வைத்திருப்பது இதற்காகவே. மூட்டை வாங்குகிறவர் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி ஒரு வீடு கட்டுகிறார். அவருக்கு எல்.எஸ்.எஃப். தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவர் சார்பில் அதைத் தெரிந்து வைத்திருக்கத்தான் எங்களுக்குச் சம்பளம். லேபில் எனக்குக் கீழே பணியாற்றிய ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லாமல் நான் விட்டதில்லை.

கிளிங்கரோடு ஜிப்சம் சேர்த்து அரைப்பதும் இதே மாதிரிக் கணக்குதான். தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து வரும் கடல் ஜிப்சம் எங்களுக்குப் பழக்கமான சரக்கு. 172 பங்கு ஜிப்சத்தில் 80 பங்கு கந்தக ட்ரை ஆக்சைடு. தூய்மை 80 சதவீதம் என்றால் நூறு கிலோவில் 37 கிலோ சொச்சம். அதை வைத்து எவ்வளவு சேர்ப்பது என்று முடிவு செய்ய ஒரு நிமிடம் போதும்.

ஆனால் மாதக் கடைசி ஒரு நிமிடத்தில் முடியாது. அன்றைக்குத்தான் தொடக்கத்தில் சொன்ன வகுக்கும் எண்ணுக்குச் சோதனை. கணக்குத் துறையிலிருந்து ஆள் வருவார். கிடங்கில் குவிந்திருக்கும் கிளிங்கர் மலையை அளந்து, கன அளவை அடர்த்தியால் பெருக்கி, இருப்பு இவ்வளவு என்று சொல்வார்கள். எங்கள் காலை அறிக்கைகளைக் கூட்டி, அரைத்ததைக் கழித்தால் வரும் எண்ணும் அதுவும் பொருந்த வேண்டும். வகுக்கும் எண் எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஒரு டன் கிளிங்கரில் 40 கிலோ சாம்பல் கொடுத்தது. மீதி 960 கிலோ மாவிலிருந்து வர வேண்டும். சுட்ட பின் மாவில் மிஞ்சுவது 64 சதவீதம். 960ஐ 0.64ஆல் வகுத்தால் 1,500 கிலோ. காகிதத்தில் கணக்கு இங்கே முடிந்துவிட்டது. ஆலையில் முடியவில்லை, ஏனென்றால் கில்னுக்கு ஊட்டிய மாவு முழுவதும் கில்னுக்குள் போவதில்லை. ப்ரீ ஹீட்டர் கோபுரத்தின் உச்சியில் எதிர்க்காற்று ஒரு பகுதியைத் தூசியாக அள்ளிக்கொண்டு போகும். அதை வடிகட்டிப் பிடித்து மறுபடி சிலோவுக்கே அனுப்புகிறோம். அதே மாவு மறுபடி ஊட்டும் தராசில் ஏறி இரண்டாம் முறை எண்ணப்படுகிறது. அப்படித் திரும்புவது 8 சதவீதம் என்றால் 1,500ஐ 0.92ஆல் வகுக்க வேண்டும். 1,630 கிலோ. ஆக எண் 1.63.

இந்த 8 சதவீதம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. சைக்ளோன் தேய்ந்தால் கூடும், மாவு நைசாக அரைபட்டால் கூடும், காற்றின் இழுப்பு மாறினால் மாறும். ஒரு மாதத்தில் ஒரு லட்சம் டன் மாவு ஊட்டியிருந்தால், 1.60ஆல் வகுத்தால் 62,500 டன், 1.63ஆல் வகுத்தால் 61,350 டன். மூன்றாவது இலக்கத்தில் கை வைத்ததற்கு 1,150 டன் கிளிங்கர் காகிதத்தில் பிறக்கிறது அல்லது மறைகிறது. உற்பத்தித் துறைக்குச் சிறிய எண் இனிக்கும். கிடங்குக்காரருக்கு அது கசக்கும், இல்லாத சரக்குக்கு அவர்தானே பதில் சொல்ல வேண்டும்.

தகராறு முற்றினால் ஒரே தீர்வு. கில்னை ஒரு நிலையில் வைத்து ஓட்டி, ஒரு ஷிப்ட் முழுவதும் கிளிங்கரைக் கிடங்குக்கு விடாமல் லாரிகளில் பிடித்து, ஒவ்வொரு லாரியையும் எடைமேடையில் ஏற்றி இறக்குவோம். அதே நேரத்தில் மாவின் தராசையும் கரியின் தராசையும் சரிபார்த்துக் குறிப்போம். மணிக்கொரு மாதிரி லேபுக்கு வரும். சூடான கிளிங்கர், புழுதி, வரிசையில் நிற்கும் லாரிகள், வெயில். யாருக்கும் பிடிக்காத வேலை. எனக்கு என் தொழிலில் மிகவும் பிடித்த வேலை அதுதான். அன்றைக்கு மட்டும் கணக்கும் பொருளும் ஒரே மேடையில் ஏறி நிற்கின்றன. போனது, வந்தது, மீதி மூன்றும் ஒரே தாளில் வரும்: 1,500 கிலோ மாவும் 40 கிலோ சாம்பலும் சேர்ந்து 1,540. வெளியே 1,000 கிலோ கிளிங்கர், 12 கிலோ நீராவி, 528 கிலோ கார்பன் டை ஆக்சைடு. கூட்டினால் 1,540.

அந்த 528 கிலோவைப் பற்றி நீண்ட காலம் நாங்கள் பேசியதில்லை. பதிவேட்டில் அது ஒரு கழித்தல். உற்பத்தி அறிக்கையில் அதற்கு இடமில்லை, யாரும் அதை வாங்குவதில்லை, யாரும் அதற்கு வரி கேட்கவில்லை. பின்னர் உலகச் சிமெண்ட் நிறுவனங்கள் கூடி வாயு வெளியேற்றக் கணக்குக்கு நெறிமுறை வகுத்தபோது, அளவீடு இல்லாத ஆலைகளுக்கு ஒரு டன் கிளிங்கருக்கு 525 கிலோ என்ற எண்ணை வைத்தார்கள். அரியலூர்க் கல்லிலிருந்து மஃபிள் அடுப்பும் பியூரெட்டும் சொன்னது 528. இதில் எனக்கு வியப்பில்லை. 65 சதவீத அளவு சுண்ணாம்பு கொண்ட கிளிங்கரை உலகத்தின் எந்த மூலையில் செய்தாலும், கல்லிலிருந்து செய்தால், வாயு இவ்வளவுதான் வரும். எரிபொருளின் பங்கு வேறு. 160 கிலோ கரியில் பாதி கார்பன் என்றால் 80 கிலோ. 12 பங்கு கார்பன் 44 பங்கு வாயுவாகும்போது 293 கிலோ. கரியைக் குறைக்கலாம், சூரிய ஒளியில் மில் ஓட்டலாம், கழிவை எரிக்கலாம். அவை எல்லாம் இந்த 293இலும் மின்சாரத்திலும்தான் கை வைக்க முடியும். பெரிய பங்கான 528 கல்லுக்குள் இருக்கிறது. இதைச் சொல்லாமல் ‘பசுமைச் சிமெண்ட்’ என்று விளம்பரம் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கிளிங்கரின் அளவைக் குறைத்துச் சாம்பலும் கசடும் கலந்து சிமெண்ட் செய்வதும், கார்பனேட் அல்லாத சுண்ணாம்பைத் தேடுவதும்தான் 528ஐத் தொடும் வழிகள்.

கார்பனேட் அல்லாத சுண்ணாம்பு என்றதும் தரகர்கள் வந்துவிடுவார்கள். சுண்ணாம்புச் சேறு இருக்கிறது, வெள்ளையாக இருக்கிறது, குறைந்த விலை, வாயுவும் வராது என்பார்கள். சேறு எல்லாம் ஒன்றல்ல. காகித ஆலையின் சுண்ணாம்புச் சேறு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். புகளூர்க் காகித ஆலை தன் சேற்றிலிருந்து சிமெண்டே செய்கிறது. கழிவு மலையாகக் குவியாமல் பயனாவது நல்ல காரியம், சுரங்கத்துக் கல்லும் மிச்சம். ஆனால் சுடும்போது நூற்றுக்கு 44 வாயு அதிலும் உண்டு. கார்பைடிலிருந்து அசிட்டிலீன் எடுத்த பின் தங்கும் சேறு வேறு. அது கால்சியம் ஹைட்ராக்சைடு. 74 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு, 18 கிலோ நீராவி. அதே 56 கிலோ சுண்ணாம்பைக் கல்லிலிருந்து எடுத்தால் 44 கிலோ வாயு போயிருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளைச் சேறு.

ஓய்வுக்குப் பிறகும் பழைய லேபிலிருந்து சில நேரம் போன் வரும். சமீபத்தில் ஓர் இளம் வேதியியலாளர், “சார், கார்பைடு சேறுன்னு சொல்லி ஒரு லோடு வந்திருக்கு. எல்.ஓ.ஐ. போட்டோம், 30 வருது. எடுத்துக்கலாமா?” என்று கேட்டார். தூய ஹைட்ராக்சைடுக்கு 24 வர வேண்டும், தூய கார்பனேட்டுக்கு 44. இடையில் 30 என்றால் வெயிலில் கிடந்து காற்றின் வாயுவை வாங்கி ஒரு பகுதி கார்பனேட்டாக மாறியிருக்கலாம், அல்லது வேறு சேற்றைக் கலந்திருக்கலாம். மாதிரியை முதலில் 105 டிகிரியில் உலர்த்தி எடை எடுக்கச் சொன்னேன். பிறகு 550 டிகிரியில் எடை மாறாத வரை வைத்து, அங்கே குறைவதை நீர் என்று எழுதச் சொன்னேன். அதற்குப் பின் 950க்கு ஏற்றி, அங்கே குறைவதை வாயு என்று தனியாக எழுதச் சொன்னேன். இரண்டு எண்களும் வந்த பிறகு விலை பேசுங்கள் என்றேன். “அதுவரைக்கும் லாரியை?” என்றார். எடைமேடைக்கு வெளியே நிறுத்தச் சொன்னேன்.